வெறும் சொம்பை அடுப்பில் வைத்தவன்

என் வீட்டில் இரண்டு அடுப்புகள். ஒன்று சமையலறையில் இருப்பது, என் மனைவியுடையது. இன்னொன்று வீட்டுக்குப் பின்னால் கராஜில் இருப்பது, என்னுடையது. கார் பாவம், தெருவில் நிற்கிறது. என் அடுப்பு மின்சாரத்தில் சூடாகும் ஒரு சின்ன இரும்புப் பானை. அதில் காரீயம் உருகும். உருகியதை அச்சில் ஊற்றினால் ரிவால்வருக்கு வேண்டிய குண்டு வரும். சிட்னியின் மேற்கே, பிளாக்டவுனில், கடையில் முருங்கைக்காய் வாங்கி வந்து வைத்துவிட்டு ஒருவன் கராஜில் உட்கார்ந்து துப்பாக்கிக் குண்டு வார்க்கிறான் என்றால் நம் ஆட்களுக்குச் சிரிப்பு வருகிறது, இல்லையென்றால் பயம் வருகிறது. கோவிலில் ஒருவர் என் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். சொன்னேன். சுண்டல் கிண்ணத்தோடு நகர்ந்து போய் வேறு தூணில் சாய்ந்துகொண்டார்.

எல்லாம் முறைப்படிதான். உரிமம் இருக்கிறது. சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்புப் பெட்டி இருக்கிறது. போலீஸ்காரர் வந்து பெட்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவார். நகர கவுன்சிலில் மழைநீர் வடிகால்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன் நான். வேலையிலிருந்து விலகும்போது கூட வேலை பார்த்த ஒருவர், விடை கொடுக்கிற மாதிரி, தன் துப்பாக்கி கிளப்புக்கு அழைத்துப் போய்ச் சுடச் சொல்லிக் கொடுத்தார். அன்றைக்கு என் குண்டு ஒன்றுகூடக் குறி அட்டையைத் தொடவில்லை. ஆனால் காதில் மாட்டிக்கொள்ளும் அந்த அடைப்பானைப் போட்டதும் உலகம் வாயை மூடிக்கொண்டது. அது எனக்குப் பிடித்துப்போனது.

ரிவால்வர் என்னைவிட வயதானது. பழைய பிரிட்டிஷ் ராணுவத்துச் சரக்கு. நடுவில் மடங்கித் திறக்கும். திறந்தால் சுட்ட கூடுகளையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளி வெளியே போடும். கைப்பிடியில் யாரோ ஒருவனுடைய கட்டைவிரல் தேய்த்த பள்ளம் இருக்கிறது. என் கட்டைவிரல் அதில் சரியாக உட்காராது. இதற்கான தோட்டா கடைகளில் அபூர்வம். கிடைத்தாலும் குண்டின் கனம் ஒத்துவராமல், குறி வைத்த இடத்துக்குக் கீழே போய் அடிக்கும். இந்தக் கிழத்துக்கு அந்தக் காலத்துக் கனமான, மெத்தென்ற காரீயக் குண்டுதான் வேண்டும். விலை கொடுத்து வாங்க முடியாத பத்தியச் சாப்பாடு கேட்கிற மாமனார் மாதிரி அது. அதனால் நானே வார்க்கிறேன்.

இடிக்கிற பழைய வீடுகளின் கூரையிலிருந்து காரீயத் தகடுகள் கிடைக்கும். அவற்றை வெட்டிப் பானையில் போட்டு உருக்கி, ஒரு துண்டு மெழுகைப் போட்டுக் கிளறினால் அழுக்கெல்லாம் மேலே வந்துவிடும். வழித்து எறிந்தால் அடியில் முகம் பார்க்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழக்கூடாது, விழுந்தால் பானையில் இருப்பது கூரைக்குப் போகும். அதனால் வேர்வை வழியாதபடி நெற்றியில் துண்டு கட்டிக்கொள்வேன். காரீயத்தோடு கொஞ்சம் வெள்ளீயமும் சேர்க்க வேண்டும். அப்போதுதான் உருகியது அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு: குளிர்ந்த அச்சில் ஊற்றக்கூடாது. வெறும் அச்சை, வெறும் கரண்டியை, முதலில் நன்றாகச் சூடாக்க வேண்டும். பிறகுதான் ஊற்ற வேண்டும். குளிர்ந்த அச்சில் ஊற்றிய குண்டு தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி சுருங்கி வரும். மறுபடி பானைக்குத்தான் போகும். வருடக்கணக்கில் செய்து செய்து இது என் கைக்கு வந்துவிட்டது. மூளையைக் கேட்காமலே கை முதலில் வெறும் பாத்திரத்தைச் சூடாக்கும்.

காரீயம் விஷம். அதனால் கராஜுக்குத் தனிச் சட்டை, தனிச் செருப்பு. வேலை முடிந்ததும் வெளிக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் கால் வைப்பேன். அங்கே தொட்ட கரண்டி இங்கே வராது. இங்கே தொட்ட துணி அங்கே போகாது. இதைப் பார்த்து என் மனைவி சொல்வாள், "அய்யர் வீட்டு மடியெல்லாம் தோத்துச்சு போங்க. உங்களைத் தொட்டுட்டா நான்ல குளிக்கணும் போலருக்கு." சொல்லிவிட்டுச் சமையலறைக் கதவுக்கு வெளியே ஒரு கால்மிதியைப் போட்டாள். அதைத் தாண்டி என் செருப்பு வரக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

அவளுடைய பெரிய சொத்து ஓர் ஈயச் சொம்பு. கும்பகோணத்தில் வாங்கியது. நாங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது மடியில் வைத்துக்கொண்டே விமானத்தில் வந்தாள். நகைப் பெட்டி மேலே சாமான் தட்டில் இருந்தது. ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒற்றை அறையில் இருந்த காலத்திலிருந்து ரசம் அதில்தான். ஈயச் சொம்பில் கொதித்த ரசத்துக்கு ஒரு மணம் உண்டு. அதைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும். பேச்சில் ஈயம் என்றாலும் சொம்பு முழுக்க வெள்ளீயம். குண்டு வார்ப்பவனுக்கு அது தங்கம் மாதிரி. "இந்தச் சொம்பு ஒண்ணு போதும், ஆயுசுக்கும் குண்டு வார்த்துருவேன்" என்று சீண்டுவேன். "தொட்டுப் பாருங்க, கையை ஒடிச்சு அடுப்புல வெக்கிறேன்" என்பாள். சொம்பை எடுத்துத் தேய்ப்பது, கழுவுவது, கவிழ்ப்பது எல்லாம் அவள்தான். அதில் ஒரே ஒரு விதி. முதலில் புளித்தண்ணீரை ஊற்றவேண்டும், பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். வெறும் சொம்பைத் தீயில் வைத்தால் உருகிப்போகும். எங்கள் பக்கத்தில் கல்யாணமான புதிதில் எல்லாப் பெண்களுக்கும் சொல்லும் எச்சரிக்கை அது. ஆண்களுக்கு யாரும் சொல்வதில்லை.

மகள் மெல்பேர்னில் கிளென் வேவர்லியில் இருக்கிறாள். அவளுடைய முதல் பிரசவத்துக்கு என் மனைவி போனாள். மூன்று மாதம் என்றாள். மூன்று மாதம் ஆறானது. குழந்தையை டேகேரில் விட்டால் வாரத்தில் பாதி நாள் சளி என்றார்கள். அப்புறம் இரண்டாவது குழந்தை. நடுவில் ஒன்றிரண்டு முறை வந்து திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டு, ஃப்ரீஸரை நிரப்பிவிட்டுப் போனாள். பிறகு அதுவும் நின்றது. நான் "நீ வா" என்பேன். அவள் "நீங்க வாங்க" என்பாள். மகள் நடுவில் புகுந்து, "அப்பா, நீங்க தாராளமா வாங்க. பட் அது வரக்கூடாது. கிட்ஸ் இருக்கிற வீடு" என்றாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் அது இருக்கக்கூடாதுதான். ஆனால் வேறு மாநிலத்துக்குப் போனால் உரிமத்துக்கு அங்கே புதிதாக அலைய வேண்டும், புதிய கிளப்பில் சேர வேண்டும். அதையெல்லாம் நினைத்தாலே எனக்கு அலுப்பு. அலுப்பு என்று சொன்னேன். வீம்பு என்று சொல்லியிருந்தால் இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும்.

ஒருநாள் போனில் வாக்குவாதம் முற்றியது. "அப்ப அந்தத் துப்பாக்கியோடயே குடித்தனம் பண்ணுங்க" என்று வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு தெளிவாகிவிட்டது. எங்கள் இருவருக்கும் நடுவில் நிற்பது அந்த ரிவால்வர். அதை விட்டால் நாங்கள் ஒரே வீட்டில் இருப்போம். விடாதவரை இப்படித்தான். இது தெரிந்தும் நான் விடவில்லை. ஏனென்றால் அவள்தான் முதலில் விட்டுக்கொடுப்பாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் சமையலறை அலமாரியில், அடுப்புக்கு மேலே, கவிழ்த்து வைத்திருந்தது. அவள் சொம்பை எடுத்துப் போகவில்லை. மடியை விட்டு இறக்காமல் கடல் தாண்டிக் கொண்டுவந்த பாத்திரத்தை விட்டுவிட்டுப் போனவள் திரும்பி வரத்தானே வேண்டும்? காலையில் காபி போடும்போது ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்வேன்.

தனியாக இருப்பது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் நான் வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கும். அதுதான் தாங்காது. சோபாவில் போட்ட துண்டு சாயங்காலமும் அதே மடிப்போடு கிடக்கும். ஒருமுறை காய்ச்சலில் இரண்டு வாரம் கிளப்புக்குப் போகவில்லை. ஆண்டுக்கு இத்தனை முறையாவது வந்து சுட்டிருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, இல்லையென்றால் உரிமம் போய்விடும். கிளப்பில் ரேஞ்சை, அதாவது சுடும் திடலை, பார்த்துக்கொள்ளும் அம்மாள், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், போன் செய்தார். உயிரோடு இருக்கிறாயா, வராவிட்டால் உன் உரிமத்துக்குச் சிக்கல் என்று அதட்டினார். அந்த வாரம் முழுக்க எனக்கு வந்த போன் அது ஒன்றுதான். காய்ச்சலில் படுத்துக்கொண்டு, சட்டமாவது என்னைத் தேடுகிறதே என்று சந்தோஷப்பட்டேன். வெட்கக்கேடுதான், ஆனாலும் சந்தோஷம்தான்.

சனிக்கிழமைகளில் சுடுவோம். யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே வெட்டி எடுத்த இடம். மூன்று பக்கமும் மண் மேடு. அம்மாள் குரல் கொடுத்ததும் எல்லோரும் கண்ணாடி, காதடைப்பான் மாட்டிக்கொண்டு கோட்டில் நிற்போம். நான் மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, விசையை மெல்ல இழுப்பேன். பழைய ரிவால்வர் பளாரென்று உதைக்காது. தோளில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி தள்ளும். புகை கொஞ்சம், குண்டில் தடவிய மெழுகு எரிந்த வாசனை கொஞ்சம். நான் வார்த்த குண்டு அட்டையில் ஓட்டை போட்டுவிட்டு மண்ணுக்குள் போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை மேட்டைச் சலித்துக் காரீயத்தைப் பொறுக்கி எடுத்துப் பங்கு போட்டுக்கொள்வோம். அதை உருக்கி மறுபடி வார்ப்பேன். யார் சுட்டது யாருடையது என்று தெரியாது. அடுத்தடுத்து நின்று சுட்டாலும் நாங்கள் அதிகம் பேசிக்கொள்வதில்லை. தேநீர் நேரத்தில் வானிலை, முழங்கால் வலி, அவ்வளவுதான்.

போன மாதம் என் மனைவி போன் செய்தாள். பெயர்த்திக்குக் காது குத்துகிறார்கள், கண்டிப்பாக வரவேண்டும் என்றாள். வருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசிவிட்டு, கடைசியில், ஞாபகம் வந்தவள் மாதிரி சொன்னாள். "வரும்போது அந்தச் சொம்பையும் எடுத்துட்டு வந்துருங்க."

"எந்தச் சொம்பு?"

"நம்ம வீட்ல எத்தனை சொம்பு இருக்கு? ஈயச் சொம்புதான். இங்க எவர்சில்வர்ல வெச்சா ரசம் ரசமாவே இல்ல."

சரி என்றேன். போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் வரப்போவதில்லை. ஒரு வாக்குவாதம் இல்லாமல், ஒரு கோபம் இல்லாமல், ரசத்தைப் பற்றிப் பேசுகிற குரலில் அதைச் சொல்லிவிட்டாள். எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். எழுந்துபோய் அலமாரியிலிருந்த சொம்பை எடுத்தேன். அது போவதற்குள் ஒரு தடவையாவது நானே அதில் ரசம் வைத்துச் சாப்பிட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்கும் அதில் பங்கு உண்டு என்று அந்தச் சமையலறைக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது.

புளியை ஊறப் போட்டேன். மிளகும் சீரகமும் தட்டினேன். சொம்பைக் கழுவித் துடைத்து அடுப்பில் வைத்துப் பற்றவைத்தேன். தீயை நன்றாகக் கூட்டி வைத்தேன். என் கைதான் அதைச் செய்தது. பாத்திரம் முதலில் சூடாக வேண்டும், பிறகுதான் ஊற்ற வேண்டும். எத்தனை வருடங்கள் அப்படிச் செய்த கை! நான் திரும்பி நின்று புளியைக் கரைத்துக்கொண்டிருந்தேன். தக்காளியைப் பிசைந்துகொண்டிருந்தேன். பின்னால் 'சொத்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் சொம்பு ஒரு பக்கமாக உட்கார்ந்துகொண்டிருந்தது. அடிப்பாகம் வெள்ளி வெள்ளியாக அடுப்புக்குள் ஒழுகியது. வயிறு மடங்கியது. கழுத்து மட்டும் கொஞ்ச நேரம் நிமிர்ந்து நின்றது. அடுப்பை அணைத்தேன். கையில் புளித்தண்ணீர்.

வெள்ளீயம் காரீயத்தைவிடச் சீக்கிரம் உருகும் என்று கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

ஆறியதும் அடுப்பைக் கழற்றி, ஒட்டியிருந்ததையெல்லாம் சுரண்டி எடுத்தேன். உருகாமல் மிஞ்சிய கழுத்தையும் சேர்த்து ஒரு கிண்ணத்தில் போட்டேன். கும்பகோணத்துக் கடைக்காரர் காரீயம் கலந்திருப்பாரோ என்று ஒரு சந்தேகம். கழுத்திலிருந்து ஒரு துண்டை ஒடித்துக் காதருகே வைத்து வளைத்தேன். கறுக் என்று முனகியது. சுத்தமான வெள்ளீயம் வளைத்தால் முனகும், காரீயம் வாயே திறக்காது. நல்ல சரக்குதான் கொடுத்திருக்கிறார். சனிக்கிழமை கிளப்பில் அம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். அவருக்குச் சொம்பு என்றால் என்னவென்று புரியவைக்கவே தேநீர் ஆறிவிட்டது. கடைசியில், அவ்வளவு நல்ல வெள்ளீயத்தை வீணாக்காதே, பானையில் போடு, நிறையக் குண்டு வரும் என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

போட்டிருப்பேன். அன்று கராஜில் பானை சூடாகி, காரீயம் பளபளவென்று நின்றது. கையில் கிண்ணம். போட்டு வார்த்து, எடுத்துப்போய் அந்த மண் மேட்டில் சுட்டுத் தள்ளிவிட்டால் ஒரு கணக்குத் தீர்ந்துவிடும் என்று தோன்றியது. அவளுக்கு என்ன சொல்வது என்ற கவலையும் தீரும், தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். கிண்ணத்தைச் சாய்க்கும்வரை போனேன். ஆனால் காரீயத்தோடு சேர்ந்துவிட்டால் அப்புறம் அது உணவுக்கு ஆகாது, என்ன செய்தாலும் பிரிக்க முடியாது. நான் பானையை அணைத்துவிட்டு, வெளிக் குழாயில் முழங்கை வரை கழுவி, சட்டையை மாற்றி, கால்மிதியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிண்ணத்தோடு உள்ளே போய் அவளுக்குப் போன் செய்தேன்.

"வெறும் சொம்பையா அடுப்புல வெச்சீங்க?" என்றாள்.

"ஆமா."

"தண்ணி ஊத்தாமயா?"

"ஆமா."

மறுபக்கம் குழந்தை ஏதோ கேட்க, "இரும்மா, தாத்தா பேசறாங்க" என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். பெருமூச்சு விட்டுவிட்டுக் கேட்டாள். "எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டீங்களா? கராஜ்ல எதுவும் படலியே?"

"படல. கிண்ணத்துலயேதான் இருக்கு."

"அப்ப அதை உருக்கி ரெண்டு கட்டியா ஊத்துங்க. புதுக் கரண்டி வாங்கி ஊத்துங்க, உங்க கரண்டி வேண்டாம்."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு. ரசம் கொதி வரும்போது எவர்சில்வர் பாத்திரத்துக்குள்ள போட்டுட்டா போதும். அந்த மணம் வந்துரும்."

ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. வார்ப்பு வேலையில் அவள் என்னிடம் கேட்ட முதல் வேலை இதுதான். கடைக்குப் போய்ப் புதிய கரண்டியும், அச்சுக்கு வட்டக் குழிகள் உள்ள கப்கேக் தட்டும் வாங்கினேன். சமையலறை அடுப்பில் உருக்கி ஊற்றினேன். குண்டுகளை நிறுத்துப் பார்த்துச் சரிசெய்கிற பழக்கத்தில், இரண்டும் ஒரே எடையாக வரும்வரை மறுபடி மறுபடி உருக்கி ஊற்றினேன். உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு வட்டக் கட்டிகள். அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. இரண்டையும் அவளிடமே கொடுத்துவிடலாம். ரிவால்வரைக் கொடுத்துவிட்டு நானும் அங்கேயே போய்விடலாம்.

அம்மாளிடம் கேட்டேன். உரிமம் பெற்ற வியாபாரியிடம் ஒப்படைத்தால் போதும், தானே உடன் வருவதாகச் சொன்னார். பிறகு, நிச்சயமாகவா என்று கேட்டார். நிச்சயமாக என்றேன். அந்தக் கிழத்தைத் துடைத்து எண்ணெய் போட்டுப் பெட்டியில் வைத்தபோது துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் மனசு லேசாகிவிட்டது. விட்டுக்கொடுப்பது இவ்வளவு சுலபம் என்றால் முன்பே செய்திருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மெல்பேர்னுக்குக் காரிலேயே போனேன். விமான நிலையத்தில் என் பையைத் துணியால் துடைத்து வெடிமருந்து இருக்கிறதா என்று சோதிப்பார்கள். என் நிறத்துக்கே அந்தச் சோதனை தவறாமல் கிடைக்கும், அதன்மேல் ரேஞ்சில் படிந்த மருந்துத் தூசி வேறு. அவளிடம் சொல்ல வேண்டியதை வழியில் கோல்பர்ன் தாண்டியதிலிருந்து ஆல்பரி வரை சொல்லிச் சொல்லிப் பழகினேன். பக்கத்து இருக்கையில் துண்டில் சுற்றிய இரண்டு கட்டிகள். வளைவுகளில் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டன.

காது குத்து நன்றாக நடந்தது. குழந்தை வீறிட்டாள், எல்லோரும் கைதட்டினார்கள். விருந்தினர் போனபிறகு மகளும் மருமகனும் குழந்தைகளைத் தூங்கவைக்க மேலே போனார்கள். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். ஓட்டப் பந்தயக்காரர்கள் போடுகிற மாதிரி ஒரு ஷூ வாங்கியிருந்தாள். நான் இரண்டு கட்டிகளையும் மேடையில் வைத்தேன்.

"நல்லா ஊத்தியிருக்கீங்க" என்றாள்.

"ரெண்டும் இங்கயே இருக்கட்டும்."

"அப்ப உங்களுக்கு?"

"நானும் இங்கயே வந்துடறேன். துப்பாக்கியக் குடுத்துடறேன். கிளப்புல சொல்லியாச்சு."

குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் வரும் என்று நான் ஆல்பரி வரை நினைத்துக்கொண்டு வந்தது வரவில்லை.

"அதை எதுக்குங்க குடுக்கணும்? உங்களுக்குப் பிடிச்சதுதானே. வெச்சுக்குங்க."

"நீதானே சொன்னே, துப்பாக்கியோட குடித்தனம் பண்ணுன்னு."

"அது கோவத்துல சொன்னது. அதுக்காகவா நான் வராம இருக்கேன்?"

"பின்ன எதுக்கு?"

அவள் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். "இங்க காலைல எந்திரிச்சு நடந்துட்டு வர்றேன். லைப்ரரில நாலு பொம்பளைங்க சேர்ந்து தைக்கிறோம். பிள்ளைங்க இருக்கு. நான் நல்லா இருக்கேங்க. அங்க இருந்தப்பவும் நீங்க கராஜ்ல இருப்பீங்க, நான் சமையக்கட்டுல இருப்பேன். சாப்பிட மட்டும் உள்ள வருவீங்க. இப்பவும் அதேதான். தூரம்தான் கொஞ்சம் கூடியிருக்கு."

சொல்லும்போது அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒரு கட்டியை எடுத்து மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். இன்னொன்றைத் துண்டில் மறுபடி சுற்றினாள். ஒரு பாட்டிலில் ரசப்பொடி நிரப்பி, மூடியை இறுக்கி, இரண்டையும் என் பையில் வைத்தாள். "பொடி தீர்ந்தா சொல்லுங்க, அனுப்பறேன்" என்றாள். நான் தலையாட்டினேன். ரிவால்வர் அத்தனை வருடமும் அந்தப் பெட்டிக்குள் சும்மாதான் இருந்திருக்கிறது. எங்களுக்கு நடுவில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியது நான். நடுவில் அந்தத் துப்பாக்கியாவது நிற்கட்டும் என்று.

திரும்பி வந்து அம்மாளிடம் வியாபாரி வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வருவாயா என்று மட்டும் கேட்டார். வருவேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ரசம் வைத்தேன். புளித்தண்ணீரை முதலில் ஊற்றினேன். பொடி போட்டேன், தக்காளியைப் பிசைந்து போட்டேன். பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன். கொதி வரும்போது கட்டியை உள்ளே விட்டேன். எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் டங் என்று உட்கார்ந்தது. நுரை கூடி வந்ததும் அணைத்துத் தாளித்தேன். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அதே மணம், அதே ருசி. அவளுடைய ரசம் மாதிரியே இருந்தது. அவள் இல்லாமலும் அது அப்படியே இருந்தது. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை.

அளவு தெரியாமல் இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன். மறுநாள் மதியமும் அதையே சாப்பிட்டேன்.